ரோட்ஸ்ரரின்ர டிஃப்: சிவாவுக்கு ஒரு பதில்

அன்பின் சிவா,

உன்ர கடிதம் கிடைச்சது. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் சுகமாய் முடிஞ்சது கேட்டுச் சந்தோசம். இஞ்ச கிளிநொச்சியில காலபோக வெட்டு நடக்குது. வெட்டு மெசினும் உழவு மெசினும் கராச்சை விட்டு அசையுதில்லை. அதுக்குள்ள உன்னட்ட ஒரு யூனோஸ் ரோட்ஸ்ரர், மஸ்டாவின்ர கூரை திறக்கிற இரண்டு சீற்றுக் கார், வந்து நிக்குது எண்டு வாசிக்கக் கொஞ்சம் பொறாமையாய்த்தான் கிடக்கு.

நீ கேட்டது அதின்ர டிஃபைப் பற்றி, அதாவது எஞ்சின் விசையைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப்பெட்டி. கார்க்காரர் சொல்லுறபடி எல்.எஸ்.டி. (ஒரு சில்லு மட்டும் வீணாய்ச் சுத்தாமல் தடுக்கிற டிஃப்) செத்துப்போச்சு எண்டு இப்பவே முடிவெடுக்காதை. 1.6 எஞ்சினோட வந்த யூனோஸ் எல்லாத்திலயும் எல்.எஸ்.டி. இருந்ததில்லை. இருந்ததெல்லாம் விஸ்கஸ் வகை, திரவத்தின்ர இழுவையால பிடிக்கிறது. முன்சில்லுக்குக் கட்டை வை, கியரை நியூற்றலில விடு, ஹான்ட் பிரேக்கை இறக்கு. இந்தக் காரில ஹான்ட் பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கும், இறக்க மறந்தால் சோதனை முழுக்கப் பொய். பின்சில்லு இரண்டையும் தூக்கி ஒண்டைக் கையால சுத்து. மற்றது எதிர்ப்பக்கம் சுத்தினால் ஒண்டில் சாதா டிஃப், இல்லாட்டி உள்ள இருக்கிறது வேலை செய்யேல்லை.

பிறகு ஒரு சில்லை நிலத்தில இறக்கிப்போட்டு, தூக்கின சில்லை மெல்லமாயும் வேகமாயும் சுத்திப் பார். நல்ல விஸ்கஸ் எண்டால் மெல்லமாய்ச் சுத்த இளகிக் குடுக்கும், வேகமாய்ச் சுத்த இறுகும். எப்படிச் சுத்தினாலும் இளகினால் செத்துப்போச்சு. மெல்லமாய்ச் சுத்தவே இறுகிக்கொண்டு நிண்டால் அதுவும் பழுதுதான். உள்ள இருக்கிற சிலிக்கன் திரவம் வெந்து கெட்டியாகியிருக்கும். அந்தக் கார் சின்ன வளைவில திரும்பேக்க பின்பக்கம் துள்ளித் துள்ளி வரும்.

ஏன் வேகுது எண்டால், விஸ்கசுக்குள்ள ஓட்டையும் வெட்டும் உள்ள மெல்லிய தகடுகள் ஒண்டு விட்டு ஒண்டாய் இருக்கும். ஒரு தொகுதி டிஃப் கூட்டோட சுத்தும், மற்றது சாஃப்டோட சுத்தும். இரண்டு சில்லுக்கும் வேக வித்தியாசம் வந்தால்தான் அதுக்கு வேலை. பின்னால ஒரு பக்கம் புது ரயர், மற்றப் பக்கம் தேஞ்ச ரயர் எண்டால் நேர் றோட்டிலயும் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும், திரவம் ஓய்வில்லாமல் சூடாகும். அந்தக் காரின்ர பின் ரயர் இரண்டையும் நாடாவால சுத்தி அளந்து பார். பஞ்சர் போன பக்கத்துக்கு மட்டும் வேற கம்பனி ரயர் போடுறது எங்கட ஆக்களின்ர பழக்கம்.

விஸ்கசைக் கழட்டித் திருத்தலாமோ எண்டு கேட்டிருந்தாய். ஏலாது. அது சீல் பண்ணின பொருள், அளந்து அடைச்ச திரவம். பழைய விஸ்கஸ் ஒண்டைத் தேடி வாங்கிப் போடுறதும் காசுக்குக் கேடு, அதுவும் இதே வயசுதானே. ஸ்பைடர் கியரை (சில்லுகளை வேற வேற வேகத்தில சுத்தவிடுற உள்பல்லுகள்) வெல்ட் பண்ணிவிடு எண்டும் ஆரும் சொல்லுவினம், கேளாதை. வளைவில சில்லு இரண்டும் ஒரே வேகத்தில சுத்தினால் ரயரும் சாஃப்டும் தின்னுப்படும். வெல்ட் வெடிச்சு ஒரு துண்டு கிரவுன் (டிஃபுக்குள்ள இருக்கிற பெரிய பல்சில்லு) பல்லுக்குள்ள விழுந்தால் டிஃப் முழுக்கப் போச்சு.

இனி கனடாவில இருந்து கார்க்காரரின்ர மகன் அனுப்பப்போற ரோசென், திரவமில்லாமல் பல்லுகளாலயே பிடிக்கிற எல்.எஸ்.டி. அது 1993க்குப் பிறகு 1.8 எஞ்சினோட வந்த 7 அங்குலக் கிரவுன் டிஃபுக்கு உரியது. நிக்கிற காரின்ர கிரவுன் 6 அங்குலம். அந்த வீட்டுக்குள்ள, அதாவது டிஃபின்ர வெளிக்கூட்டுக்குள்ள, இது இறங்காது. அதால கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில 1.8 இன்ர சாதா டிஃப் ஒண்டை வீட்டோட எடுக்கச் சொல்லு. அதே காரின்ர, கியர்பொக்ஸில இருந்து டிஃபுக்கு வாற புறொப்பலர் சாஃப்டும் டிஃபில இருந்து சில்லுக்குப் போற அரைச் சாஃப்ட் இரண்டும் சேர்த்து எடுக்க வேணும். தனித்தனியாய் வாங்கப் போனால் ஏதோ ஒண்டு பொருந்தாமல் திரும்பக் கொழும்புக்கு ஓடவேண்டி வரும். அரைச் சாஃப்டின்ர ஸ்பிளைன் (முனையில உள்ள நீட்டுப் பல்லுகள்) ரோசெனுக்குள்ள முழுக்க இறங்கிக் கிளிப் பூட்டுதோ எண்டு மேசையில வைச்சே பார்த்துப்போடு. வாங்கேக்க கிரவுன் பல்லையும் அதைச் சுத்திற சின்னப் பினியன் பல்லையும் எண்ணிப் பிரி: 43க்கு 10 எண்டால் 4.3, 41க்கு 10 எண்டால் 4.1. பழைய 1.6 இல 4.3. நீ 4.1 போட்டால் வேகமானி கியர்பொக்ஸில இருந்து ஓடுறதால ஏறக்குறைய 5 வீதம் குறைச்சுக் காட்டும். பொலிசுக்குத் தண்டம் கட்டேக்கதான் தெரியவரும்.

கழட்டுறதில பெரிய வித்தை இல்லை, ஒண்டைத் தவிர. கியர்பொக்ஸையும் டிஃபையும் ஒரு நீட்டு அலுமினியச் சட்டம் இணைக்குது. அதை விடுவிச்சால் கியர்பொக்ஸின்ர வால் கீழ தொங்கும். முதல் அதுக்குக் கீழ ஜக் வை. டிஃப் பக்கத்து போல்ட்டில உள்ள குழாய்கள் உப்புப் பிடிச்சு இறுகியிருக்கும், அதுவும் முல்லைத்தீவுக் காத்தில சொல்லவே வேண்டாம். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவிடு. பூட்டேக்க சட்டத்தின்ர உயரத்தைக் கைநூலில உள்ளபடி அளந்து வை, இல்லாட்டிப் புறொப்பலர் சாய்ஞ்சு அதிர்வு வரும்.

நடுப்பகுதியை, கிரவுன் பூட்டியிருக்கிற உள்கூட்டை, மாத்திற வேலைக்குப் பொறுமை வேணும். திறக்க முதல் பெயரிங் மூடி இரண்டிலயும் சென்ரர் பஞ்ச் உளியால குத்தி இடம் வலம் அடையாளம் போடு, மாறக்கூடாது. பக்கத்தில உள்ள திருகு வளையங்கள் எந்தப் பல்லில நிக்குது எண்டும் அடையாளம் வை. பினியன் நட்டைத் தொடாதை. அதுக்குப் பின்னால நசுங்கிற குழாய் ஒண்டு இருக்கு, நட்டை ஒருக்கா மேலால இறுக்கிவிட்டால் புதுக் குழாய் போட்டு முழுக்கத் திரும்பச் செய்ய வேணும். சீல் ஒழுகுது எண்டு கட்டாயம் கழட்ட வேண்டி வந்தால் நட்டிலயும் சாஃப்டிலயும் ஒரே கோட்டில குறி போட்டு, அதே குறிக்குக் கொண்டுவந்து மயிரிழை மட்டும் கூட இறுக்கு.

கிரவுனும் பினியனும் சோடி. அந்தச் சோடியைப் பிரிக்காமல், சாதா நடுப்பகுதியில இருந்து கிரவுனைக் கழட்டி ரோசெனில ஏத்து. இருக்கிற முகம் இரண்டையும் துடைச்சு விரலால தடவிப் பார், சின்னப் பிசிர் இருந்தாலும் கிரவுன் ஆடும். கிரவுனைக் கொதிதண்ணியில சூடாக்கி, துடைச்சுக் காயவிட்டு, இரண்டு நீட்டு போல்ட்டை வழிகாட்டியாய் வைச்சு இறக்கு. கேஸ் விளக்கால சுடாதை, பல்லின்ர பதம் போகும். போல்ட்டால இழுத்து ஏத்தவும் வேண்டாம். போல்ட்டுகளுக்குச் சிவப்பு லொக்டைற் பசை போட்டுக் குறுக்குக் குறுக்காய் இறுக்கு. பக்கப் பெயரிங் புதுசு போடு, இவ்வளவு தூரம் வந்து பழசைப் போடுறது கஞ்சத்தனம்.

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில உள்ள பல்லிடைவெளி 0.1 மில்லிமீற்றரை ஒட்டி நிக்க வேணும். டயல் கேஜை (முள்ளால நுண்ணளவு காட்டுற கருவி) கிரவுன் பல்லுக்கு நேர் குத்தாய் வைச்சு, பினியனை அசையாமல் பிடிச்சு, கிரவுனை ஆட்டி அள. நாலு இடத்தில அள. இடத்துக்கிடம் 0.07க்கு மேல வித்தியாசம் வந்தால் கிரவுனுக்குக் கீழ ஏதோ அகப்பட்டிருக்கு, திரும்பக் கழட்டு. இடைவெளியை மாத்தேக்க ஒரு பக்க வளையத்தை எத்தினை பல் தளர்த்துறியோ அத்தினை பல் மற்றப் பக்கத்தை இறுக்கு, அப்பதான் பெயரிங்கின்ர இறுக்கம் மாறாது. கடைசியாய் அஞ்சாறு பல்லில மார்க்கிங் மை பூசி, கிரவுனைத் துணியால பிடிச்சுக்கொண்டு பினியனை இரண்டு பக்கமும் சுத்திப் பார். தடம் பல்லின்ர நடுவில, கொஞ்சம் உள்முனைப் பக்கமாய் விழவேணும். வெளிமுனைக்கு ஓடினால் இடைவெளி கூடிப்போச்சு.

கியர் ஒயில் ஜீ.எல்.-5 தரத்தில, தடிப்பு 90 அல்லது 75டபிள்யூ-90, 7 அங்குலத்துக்கு 1 லீற்றர். ரோசெனுக்கு ஒயிலில கலக்கிற ஃபிரிக்சன் மருந்து தேவையில்லை. வடிக்க முதல் மேல உள்ள நிரப்பு மூடியைத் திறந்து பார். வடிச்சுப்போட்டு மேல்மூடி கழராமல் நிண்டால் காரை நகர்த்தவும் ஏலாது. டிஃப் காத்து விடுற பிறீதரையும் கழட்டி ஊது. எங்கட செம்மண் புழுதி அடைச்சால் உள்ள அமுக்கம் ஏறிச் சீல் ஒழுகும். சூடான டிஃபோட வெள்ளத்துக்க இறங்கினால் அடைச்ச பிறீதர் உள்ள காத்தை விடாது, சீலால தண்ணியை இழுக்கும். மாரியில வட்டுவாகல் பாலத்தைக் கடக்கிற கார் எண்டால் தை மாசம் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லு. ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அண்டைக்கே மாத்த வேணும்.

பிளேட் வகை எல்.எஸ்.டி. (தகடுகள் உரசிப் பிடிக்கிறது), அதுவும் 2 வே போடுவம் எண்டு கார்க்காரரின்ர பெடியன் கேக்கிறானாம். பந்தயத் திடலுக்கு அது நல்லது. அக்சிலரேற்றரை விட்டாலும் பிடிக்கும், அதால எங்கட ஒடுங்கின றோட்டு வளைவில முன்பக்கம் நேராய்ப் போகப் பார்க்கும், திரும்பேக்க கடகட எண்டு சத்தமும் போடும். பிளேட் தேயிற பொருள், ஒயிலை அடிக்கடி மாத்த வேணும், புதுப் பிளேட்டுக்குக் கப்பல் பார்த்துக்கொண்டு இருக்க வேணும். ஏ9 இல ஓடுற காருக்கு ரோசென் போதும்.

ஆனால் ஒண்டைக் கார்க்காரருக்குத் தெளிவாய்ச் சொல்லிப்போடு, பிறகு உன்னில பிழை பிடிப்பார். ரோசென் பிடி குறைஞ்ச சில்லுக்குப் போற விசையைப் பெருக்கித்தான் மற்றதுக்குக் குடுக்கும். ஒரு சில்லு அந்தரத்தில நிண்டாலோ கடற்கரை மணலில புதைஞ்சாலோ பெருக்க அங்க ஒண்டும் இல்லை, கார் நிண்ட இடத்தில நிக்கும். அப்ப ஹான்ட் பிரேக்கை இரண்டு மூண்டு கிளிக் இழுத்துக்கொண்டு மெல்ல அக்சிலரேற்றரைக் குடுத்தால் சுத்திற சில்லுக்கு ஒரு சுமை வந்து மற்றதும் இழுக்கும். உழவு மெசினில மாதிரி லொக் பெடல் இதில இல்லை.

பூட்டி முடிச்சு அரை மணித்தியாலம் மெதுவாய் ஓட்டி, டிஃபில கை வை. கை வைச்சிருக்க ஏலாத சூடு எண்டால் பெயரிங் இறுக்கம் கூட. இழுக்கேக்க ஊளை கேட்டால் தடத்தைத் திரும்பப் பார். முதல் 500 கிலோமீற்றரில ஒயிலை வடிச்சு, மூடிக் காந்தத்தில என்ன ஒட்டியிருக்கு எண்டு பார்த்து எழுது. சாம்பல் பொடி பரவாயில்லை, செதில் எண்டால் ஓட்டாமல் நிப்பாட்டு.

உன்னட்ட டயல் கேஜ் இல்லை எண்டு தெரியும். காந்தக் காலோட என்ர கேஜைப் புதன்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில குடுத்துவிடுறன். புதுக்குடியிருப்புச் சந்தியில கொண்டக்டரிட்ட வாங்கு. திருப்பி அனுப்பேக்க பெட்டியில போட்டு அனுப்பு, துணியில சுத்தி அனுப்பாதை.

அன்புடன்,
உன்ர ரவி