நீ கண்டதை நீ எழுது

கல்லடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

"தம்பிக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதி அனுப்புங்க அம்மா, நான் கையெழுத்து வச்சுத் தாறன்" என்று வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தாய். அதை நான் எழுதமாட்டேன் மகள். உன் கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு வருஷம் வேலைக்கு நின்றவன் அவன். திறப்பும் மாதக் காசும் அவன் கையில்தான் இருந்தன. எனக்கு அவன் படலையடியில் சுகம் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை, அவ்வளவுதான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். படிப்பித்த காலத்தில், கேட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கடிதத்தைத்தான் பெயர் மாற்றிக் கொடுத்தேன். 'ஒழுக்கமும் பணிவும் நேர்மையும் உடையவர், எப்பொறுப்பையும் திறம்பட ஆற்றக்கூடியவர்.' ஒருமுறை என்னிடம் படித்த இரண்டு பேர் ஒரே வேலைக்குப் போனார்கள். நேர்முகப் பரீட்சையில் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்கட ரீச்சருக்கு உங்களத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி அழுதுகொண்டு வந்து சொன்னாள். தகப்பன் இல்லாத பிள்ளை. விடிய எழும்பி அப்பம் சுட்டு வித்துவிட்டு, முதல் மணி அடிக்கமுன் வகுப்பில் இருப்பாள். மூன்று வருஷம் என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தோன்றவில்லை புள்ள. இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் கிடக்கிறது.

இவன் கேட்பது பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை. 2024 கார்த்திகை வெள்ளத்தை எழுது. ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனையையே இடையில் நிற்பாட்டின மழை. நீ ஏறாவூரில் அகப்பட்டு நின்றாய். ஆரும் சொல்லாமலே அவன் தண்ணிக்குள்ளால போய், கம்ப்யூட்டர் ஏழையும் மேசைக்கு மேல் ஏற்றிவிட்டு, காசையும் கணக்குக் கொப்பியையும் பொலித்தீனில் சுற்றி எடுத்து வைத்து உன் கையில் தந்தான். எண்ணிப் பார்த்து ஒரு ரூபாயும் குறையவில்லை என்று நீதானே சொன்னாய்? ஸ்டோர்த் திறப்பைக் கொடுக்கப்போகிறவருக்கு இதுதான் தெரிய வேண்டும்.

சிங்களம் நன்றாகக் கதைப்பான் என்று மட்டும் எழுதிவிடாதே. நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்பான். பழகிக்கொண்டிருக்கிறான் என்று எழுது, அது உண்மை. தாயின் வருத்தம், வீட்டுக் கஷ்டம் ஒன்றும் வேண்டாம். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலையை அவன் கேட்கவில்லை.

எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை உன்னிடம் வேலை செய்தான், என்ன வேலை, திகதி, உன் டெலிபோன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். உறவினர் அல்ல என்பதையும் போடு. நீ தம்பி தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டால் சொந்தம் என்றுதான் நினைப்பார்கள். ஒரு பக்கம் போதும்.

கிராம சேவகரின் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கிவிட்டான். அதைப் பார்த்தால் எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியும். எப்படி வேலை செய்வான் என்று சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போக வேண்டுமாம். ஸ்கேன் பண்ணி அவனுக்கே அனுப்பு. ஹோட்டலில் இருந்து உன்னைக் கூப்பிடவும் கூடும். உனக்கு அங்கே நடுச்சாமமாக இருந்தாலும் போனை எடு மகள்.

அன்புடன்,
அம்மா