ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்கு ஒரு திறந்த மடல்: இருவரையும் ஒரே ஃபிரேமில் காட்டுங்கள்

எந்தப் படம் எடுப்பது, எத்தனை நாளில் முடிப்பது, கடைசியில் எப்படி வெட்டுவது என்று முடிவெடுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோ நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஆக்‌ஷன் படத்தையும் காதல் நகைச்சுவைப் படத்தையும் வெவ்வேறு ரசிகர்களுக்கான சரக்காக நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். பார்க்கிற எங்களுக்கோ இரண்டின் உயிரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே ஃபிரேமில் நிற்கிறார்கள். ஒருவர் செய்வது மற்றவரைத் தாக்குகிறது. அது குத்தாக இருக்கலாம், குத்தலான வசனமாகவும் இருக்கலாம். உங்கள் எடிட்டிங் அறையில் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் கத்தரி விழுகிறது. எங்கள் குறை அதுதான்.

முதலில் சண்டை. திரையில் விழும் குத்து முகத்தில் படுவதில்லை. ஒருவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, லென்ஸ், கை, முகம் மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் நடுவிலிருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அடி வாங்குபவர் தலையைத் திருப்பும் நேரம் சரியாக அமைந்தால் குத்து விழுந்த மாதிரிதான். கேமரா கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒத்திகை வேண்டும், ஒத்திகைக்கு நட்சத்திரத்தின் கால்ஷீட் வேண்டும். அது கிடைக்காதபோது சுலபமான வழி ஒன்று இருக்கிறது: கை ஓங்குவதற்கு ஒரு ஷாட், ஆள் விழுவதற்கு இன்னொரு ஷாட், இடையில் ஆடும் கேமரா, மேலே ஓர் அடிச் சத்தம். டூப்பின் முகமும் மறைந்துவிடும். அடி விழும் கணமே காட்டப்படாததால் பிஜி-13 சான்றிதழ் (சிறுவர்களும் பார்க்கலாம், ஆனால் பெற்றோர் கவனம் தேவை என்ற அமெரிக்கத் தரம்) வாங்குவதும் எளிதாகிறது.

இதன் விளைவுக்கு ‘டேக்கன் 3’ (2014) ஒன்றே போதும். லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுகிறார். சில வினாடிகளில் முடியும் அந்தச் செயலுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கட். கை எங்கே, கால் எங்கே, வேலி எவ்வளவு உயரம், எதுவும் புரிவதில்லை. அறுபது வயதைக் கடந்த மனிதர் மூச்சிரைக்க ஏறுவதை ஒரே ஷாட்டில் காட்டியிருந்தால் நாங்கள் அவருக்காகப் பதறியிருப்போம். கதைக்குத் தேவையும் அதுதானே?

வேகமாக வெட்டுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 ஷாட்கள் கொண்ட படம். ஆனாலும் யார் எந்த வண்டியில், எந்தத் திசையில் போகிறார் என்ற குழப்பம் வருவதே இல்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் முக்கியமான பொருளை ஃபிரேமின் நட்டநடுவில் வைக்கும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் சொல்லியிருந்தார். கட் விழுந்த பிறகு கண் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை; பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அடுத்த விஷயம் வந்து நிற்கிறது. சுமார் 480 மணி நேரப் பதிவிலிருந்து அதைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எங்களுக்குத் துளியும் வியப்பில்லை. உளவாளி ஜேசன் பார்னைப் பற்றிய மூன்றாவது படமான ‘தி பார்ன் அல்டிமேட்டம்’ (2007) படத்தில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் இரண்டு வினாடி அளவுதான். துரத்தப்படுபவனின் பதற்றத்துக்கு அது பொருந்தியது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பதற்றத்தை விட்டுவிட்டு கேமராவின் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

‘ஜான் விக்’ (2014) உங்களுக்கு வேறு வழியைக் காட்டியது. அதை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி, ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். நடிகரின் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்த ஆள். ரீவ்ஸை மாதக்கணக்கில் ஜூடோவும் ஜியு-ஜிட்ஸுவும் துப்பாக்கியும் பழக வைத்தார். கேமராவைப் பின்னால் இழுத்து, தலை முதல் கால் வரை தெரிய வைத்தார். எதிரியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஜான் விக் இன்னொருவனைச் சுடுவதும், தோட்டா தீர்ந்து மேகசின் மாற்றுவதும் ஒரே ஷாட்டில் நடக்கின்றன. அந்த மேகசின் மாற்றும் ஒரு நொடியில்தான் பயம் இருக்கிறது. அதை வெட்டி எறிந்தால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ (2018) படத்தின் வான்குதிப்புக் காட்சிக்காக டாம் குரூஸ் நூறு முறைக்கு மேல் குதித்தார். அந்தி வெளிச்சம் தேவைப்பட்டதால் ஒரு நாளில் படம்பிடிக்கக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். கேமரா பிடித்தவரும் கூடவே குதித்தார். அவ்வளவு பணமும் பொறுமையும் அங்கே போட முடிந்தவர்களுக்கு, நடுத்தரப் படத்தின் சண்டைக்குக் கூடுதலாக மூன்று வார ஒத்திகை தருவது பெரிய காரியமா?

இனி காதல் நகைச்சுவை. இங்கே நடக்கும் சேதம் வெளியே தெரியாது, ஆனால் காரணம் அதேதான். இருவர் பேசும் காட்சியைத் தனித்தனி குளோசப்பாக எடுக்கும்போது, ஒருவர் வசனத்தின் மேல் மற்றவர் ஏறிப் பேசக் கூடாது என்று ஒலிப்பதிவுக் குழு கேட்டுக்கொள்ளும். குரல்கள் கலந்துவிட்டால் எடிட்டரால் பிரித்து வெட்ட முடியாது. ஆகவே நடிகர்கள் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பேசுகிறார்கள். காதலில் விழுந்த இருவர் அப்படி முறை வைத்தா சண்டை போடுவார்கள்? இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’யில் (1940) இதற்கு வழி கண்டார். வசனத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சில சொற்களைச் சேர்த்தே எழுதச் சொன்னார். அவை எதிராளியின் குரலில் அமுங்கினாலும் நடுவிலிருக்கும் முக்கியமான சொல் தெளிவாகக் கேட்கும். இன்றைக்கு உங்களிடம் இரண்டு கேமராவும் ஆளுக்கொரு மைக்கும் இருக்கின்றன. இருவரையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் படம்பிடித்தாலே பாதி உயிர் திரும்பிவிடும்.

‘ரோமன் ஹாலிடே’யில் (1953) கிரெகரி பெக், பொய் சொல்பவரின் கையைக் கடித்துவிடும் என்று சொல்லப்படும் ஒரு கல்முகத்தின் வாய்க்குள் கையை விட்டு எடுக்கும்போது, கையை ஸ்லீவுக்குள் மறைத்துக்கொள்கிறார். ஆட்ரி ஹெப்பர்னிடம் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் அலறுவது நிஜம். இருவரும் ஒரே ஃபிரேமில் இருந்ததால்தான், அலறல் சிரிப்பாக மாறி அவர் பெக்கின் மேல் சாய்வதுவரை எல்லாம் நமக்கு முழுசாகக் கிடைத்தது. குளோசப்பாகப் பிரித்து எடுத்திருந்தால் அது இரண்டாவது டேக்கிலேயே நடிப்பாகியிருக்கும்.

‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ (1993) இதற்கு விதிவிலக்கு மாதிரி தெரியும். நாயகனும் நாயகியும் சேர்ந்து நிற்பதே அபூர்வம். ஆனால் இயக்குநர் நோரா எஃப்ரான் அந்த ஒரு ஃபிரேமைக் கடைசிவரை நமக்குத் தராமல் வைத்திருந்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் தருகிறார். அதன் மதிப்பு தெரிந்தவர்தான் அப்படிப் பதுக்க முடியும்.

பணக் கணக்கும் உங்களுக்கு எதிராக இல்லை. ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ (2018) குழு நெட்ஃபிளிக்ஸின் பெரிய தொகையை வேண்டாம் என்று சொல்லித் தியேட்டருக்கு வந்தது. சுமார் 3 கோடி டாலர் செலவு, 23 கோடிக்கு மேல் வசூல். ‘எனிஒன் பட் யூ’ (2023) முதல் வாரம் மந்தமாகத் தொடங்கி, வாய்வழிப் பேச்சில் ஏறி 20 கோடி டாலரைக் கடந்தது. கூட்டத்தோடு சிரிக்க ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வகைப் படங்களை நேராக ஓடிடிக்கு அனுப்பும் பழக்கத்தை நீங்கள் விடவில்லை.

அடுத்து 2028. ஸ்டண்ட் வடிவமைப்புக்கு முதல் ஆஸ்கர் அந்த ஆண்டு 100ஆவது விழாவில் வழங்கப்படும், 2027இல் வெளியாகும் படங்களுக்கு. அந்தக் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்த அங்கீகாரம் இது. அவர்கள் வடிவமைத்த சண்டையை எடிட்டிங் அறையில் துண்டு துண்டாக்கிவிட்டால் எதைப் பார்த்து விருது தருவது? ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். நட்சத்திரத்தின் ஒப்பந்தத்திலேயே ஒத்திகை நாட்களை எழுதுங்கள். ஒவ்வொரு சண்டையையும் முழு உடம்பு தெரியும் வைடு ஷாட்டில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு முறையாவது எடுங்கள், எடிட்டிங்கில் ஸ்டண்ட் மாஸ்டரையும் உட்கார வையுங்கள். காதல் நகைச்சுவைப் படத்துக்கும் நாயகன், நாயகி இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். அவர்கள் ஒருவரையொருவர் முதல்முறை பார்ப்பது படப்பிடிப்புத் தளத்தில் என்ற நிலை வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டு வகைப் படங்களுக்கும் டிக்கெட் வாங்கும் தமிழ் ரசிகர்கள்