159 பேருக்கும் ஒரு மடல்: அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள்

தேசிய மக்கள் சக்தியின் 159 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வடமராட்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை உங்களுக்குத் தந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டிலிருந்து தெற்கின் கட்சி ஒன்றுக்கு விழுந்த முதல் வாக்கு அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று உங்கள் விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போட்டேன்.

என் சின்னம்மாவின் மகனை 2008இல் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் வைத்து இந்தச் சட்டத்தில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளிநாடு போக ஏஜென்சிக்காரனைப் பார்த்துக் காத்திருந்த பொடியன். சில வாரம் கழித்து ஒரு கட்டுத் தாளை நீட்டி ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். முழுக்கச் சிங்களம். அவனுக்குச் சிங்களத்தில் தெரிந்தது பஸ் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர்கள்தான். வைத்தான். ஏன் வைத்தாய் என்று நாங்கள் இன்றுவரை கேட்டதில்லை. அவன் முதுகைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணச் சட்டப்படி சான்றாகாது. இந்தச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்தால் சான்றாகும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்கும் பாரமும் கைதியின் தலையில்தான்.

ஏ9 வீதி திறந்த பிறகே சின்னம்மாவால் அவனைப் போய்ப் பார்க்க முடிந்தது. பழுதாகாது என்று பருத்தித்துறை வடை சுட்டு எடுத்துப் போவா. வாசலில் காவலர் ஒவ்வொரு வடையையும் இரண்டாக முறித்துப் பார்ப்பார். உள்ளே போகும்போது பை நிறையத் தூள். ஒரு நாள் அதே வாசலில் மாத்தறைப் பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு வழக்கில் அவருடைய மகன் உள்ளே. இவவுக்குச் சிங்களம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. தேத்தண்ணிக்கடை நானாதான் இடையில் நின்று சொன்னார்: அந்த அம்மாவின் தம்பியை 1989இல் வெள்ளாப்புக்கு முன் வந்து கூட்டிப் போனார்களாம். உங்கள் தாய்க்கட்சியான ஜே.வி.பி.யின் பொடியனாம். பிறகு செய்தியே இல்லையாம்.

ஐந்து வருடம் கழித்து, குற்றமொன்றும் இல்லையென்று சின்னம்மாவின் மகனை விட்டார்கள். இன்றும் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்து ஒப்பம் கேட்டால், தாளில் உள்ளதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுப்பான்.

ஜே. ஆர். ஜெயவர்த்தன 1979 ஜூலையில் அவசர அவசரமாக இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது மூன்று வருடத்துக்குத்தான் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். தமிழ்ப் பொடியன்களுக்கென்று செய்த கத்தி 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது உங்கள் தோழர்கள் மீதும் இறங்கியது. 2020இல் மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீமை, தமிழில் எழுதிய கவிதைகளுக்காக இதே சட்டத்தில் பிடித்தார்கள். 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தமிழ்க் கவிதையைத் தமிழ் தெரியாதவர்கள் பயங்கரவாதமென்று படித்த கொடுமையை ஒரு தமிழாசிரியையால் மறக்க முடியாது. 2022 ஆகஸ்ட்டில், காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகேக்கும் இதுதான் நடந்தது. அன்று நீங்களும் எதிர்த்தீர்கள்.

2025 மார்ச்சில் உங்கள் ஆட்சியிலேயே, இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவர் இந்தச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். 90 நாள் தடுப்பு உத்தரவு. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு இரண்டு வாரத்தில் விட்டீர்கள். விட்டது நல்லது. ஆனால் தடுப்பு உத்தரவு போடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருக்குரியது. அந்த அமைச்சு உங்கள் ஜனாதிபதியின் கையில். முன்பு ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய 2022 ஜூலையில் ஓடிப்போனார், மேசையும் பேனையும் அப்படியே இருக்கின்றன. நல்லவர் கையில்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஐந்து வருடம் உள்ளே இருந்தவனுக்கு யார் கை என்பது தெரியாது, தாள்தான் தெரியும்.

ஈஸ்டர் தாக்குதலை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்டோர் செத்தபோது இந்தச் சட்டம் 40 வருடமாக நடைமுறையில் இருந்தது. முன்கூட்டியே புலனாய்வு எச்சரிக்கை வந்தும் பொறுப்பானவர்கள் அசையவில்லை. அதற்காக முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலரை நட்டஈடு கட்டும்படி 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தடுத்திருக்க வேண்டியவர்களின் கையில் இல்லாதது சட்டம் அல்ல.

ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் யோசனைதான் எனக்குப் பயம். 2018இல் ஒரு சட்டமூலம், 2023இல் ஒரு சட்டமூலம்: இரண்டும் பெயரை மாற்றின, தடுப்பு அதிகாரத்தை விடவில்லை. கொலைக்கும் குண்டுக்கும் தண்டனைச் சட்டக்கோவையும் வெடிபொருள் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. குறை இருந்தால் அவற்றைத் திருத்துங்கள்.

முன்னாள் ஜனாதிபதிமாரின் சலுகைகளை 2025 செப்டம்பரில் ஒரே சட்டத்தால் நீக்கினீர்கள். செய்யலாம் என்று காட்டிவிட்டீர்கள். இதற்கு மூன்றில் இரண்டுகூட வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும்.

2009 இறுதிப் போரில் அகப்பட்ட சனம் குடித்து உயிர் பிழைத்த முள்ளிவாய்க்கால் கஞ்சியை, 2022 மே 18இல் நினைவாகக் காலிமுகத்திடலில் காய்ச்சினார்கள். நானும் போயிருந்தேன். உப்பும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சியைச் சிரட்டையில் வாங்கிய ஒரு சிங்களப் பிள்ளை, ஒரு வாய் குடித்துவிட்டு, “இவ்வளவுதானா இருந்தது?” என்று உடைந்த தமிழில் கேட்டாள். ஓம் என்றேன். மிச்சத்தைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தாள். அவளும் உங்களுக்குத்தான் வாக்களித்திருப்பாள்.

நீக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவாருங்கள். இன்னும் உள்ளே இருப்பவர்கள் மீது சாதாரணச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். வாக்கெடுப்பு நாளில் சின்னம்மாவைப் பார்வையாளர் கலரிக்குக் கூட்டி வர எனக்கு ஆசை. அவவுக்கு 78 வயது, பகல் பஸ்ஸில்தான் வருவா. ஒரு கிழமைக்கு முன்னமே திகதி தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
வடமராட்சி வாக்காளர் ஒருத்தி