யானைக்குக் கொம்பு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய காகித யானையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் நகம் வரைக்கும் மடித்திருக்கிறாய், அதுவும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே சதுரத் தாளில். கைவேலை நல்ல வடிவு, அதில் குறையே இல்லை. ஆனால் "ஏனோ யானை மாதிரி இல்லை அம்மா, இன்னும் மடிப்பு கூட்ட வேண்டும் போல" என்று கீழே எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பாதிதான் கேட்பாய்.

மடிப்பைக் கூட்டாதே, குறை. எதைக் குறைக்கிறது என்பதுதான் கெட்டித்தனம், கண்டபடி குறைத்தால் யானை பன்றியாகிவிடும்.

முதலில் அந்தக் கொம்பு. எங்கள் பக்கத்து யானைக்குக் கொம்பு எங்கே இருக்கிறது? இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இல்லை. நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் நெல் முற்றுகிற நேரம் பார்த்து வயலுக்குள் இறங்குகிற ஆண் யானைகள் பெரும்பாலும் கொம்பில்லாத அலியன்கள்தான், நீயே சின்ன வயதில் யானைவெடிச் சத்தத்துக்கு எழும்பி வந்து பார்த்திருக்கிறாய். காதும் அப்படித்தான். நீ விரித்து வைத்திருக்கிற அந்தப் பெரிய காது ஆபிரிக்க யானையுடையது. அதற்கு முதுகு நடுவில் பள்ளமாக இறங்கும். நம்முடைய யானைக்கு முதுகு வளைந்து மேலே எழும்பியிருக்கும், தலைதான் உடம்பிலேயே உயரமான இடம். எந்த வரைபடத்தைப் பார்த்துத் தொடங்கினாயோ தெரியாது, ஆனால் உன் மனதில் இருக்கிற யானை எங்கள் வன்னிக்காட்டு யானை என்றால் அந்த வரைபடத்தை நம்பிப் பயனில்லை.

இதை வடிவுக்காக மட்டும் சொல்லவில்லை, தாள் கணக்குக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரொபேர்ட் லாங் என்ற பௌதிகவியலாளர், நாசாவில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு முழுநேரமாகக் காகிதம் மடிக்க வந்தவர், அவரைப் பற்றி நீதானே எனக்கு முதலில் சொன்னாய். அவர் சொல்கிற வட்டக் கணக்கை நினைத்துப் பார். தாளிலிருந்து நீட்டி எடுக்கிற ஒவ்வொரு உறுப்புக்கும், அதன் நீளத்தை ஆரையாகக் கொண்ட ஒரு வட்டம் தாளில் வேண்டும். மூலையில் எடுத்தால் கால்வட்டத்தோடு காரியம் முடிந்துவிடும், ஓரத்தில் அரைவட்டம், நடுவில் எடுத்தால் முழுவட்டமும் போய்விடும், ஒன்றின் வட்டத்துக்குள் இன்னொன்று வரவும் முடியாது. கொக்குக்கு இந்தக் கரைச்சல் இல்லை: தலை, வால், இரண்டு சிறகு, தாளுக்கும் நாலே மூலை. அதனால்தான் 1797இல் ஜப்பானில் புத்தகமாக அச்சான கொக்கை இன்றைக்கும் அப்படியே மடிக்கிறார்கள். யானைக்கோ துதிக்கை, நாலு கால், வால், இரண்டு காது என்று எட்டு. கொம்பையும் சேர்த்தால் பத்து, பிறகு நீ நகத்துக்கும் தாள் தேடுகிறாய். அவ்வளவையும் ஒரு சதுரத்துக்குள் அடக்கினால் உடம்புக்கு என்ன மிஞ்சும்? உன் படத்தில் உடம்பு ஒட்டிப்போய் இருப்பது அதனால்தான். கால்களைப் பார், தாள் அடுக்கடுக்காகத் திரண்டு, பிளந்து விரிந்து நிற்கிறது. ஐந்து தரம் பாதியாக மடித்தாலே 32 அடுக்கு வந்துவிடுகிறதே!

கொம்பு இரண்டையும் எடுத்துவிடு, நகத்தையும் விடு. அவை பிடித்துவைத்திருந்த தாள் முழுவதும் உடம்புக்குத் திரும்பி வரும்.

சிக்கலாக மடிக்கிறதெல்லாம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1990களில் ஜப்பானில் ஆளுக்காள் போட்டிபோட்டு வண்டும் பூச்சியும் மடித்தார்களே, ஆறு கால், கொம்பு, விரித்த சிறகு என்று, அதில் ஒன்றைக் குறைத்தாலும் அது அந்த வண்டு இல்லை. ஜப்பானியரான சதோஷி கமியா மடித்த, ரியூஜின் என்கிற பாம்பு மாதிரி நீண்ட அந்த ட்ராகனில் செதிலை எடுத்துவிட்டால் வெறும் கயிறுதான் மிஞ்சும், அதற்கு அத்தனை மடிப்பும் தேவை. நீ தேள் மடித்தால் எட்டுக் காலையும் கொடுக்கையும் மடி, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். யானையை மட்டும் ஒருவரும் நகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. இருட்டில், டோர்ச் அடிக்க முன்னமே, வரம்படியில் நிற்கிறது யானைதான் என்று அப்பா சொல்லிவிடுவார். முதுகு ஒரு வளைவு, தலை ஒரு மேடு, முன்னால் தொங்குகிற துதிக்கை, அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதை முதலில் பிடி.

எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பியூர்லாண்ட் முறைதான் சொல்லிக்கொடுக்கிறேன். 1970களில் ஜோன் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் வகுத்தது: மலை மடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு, அதையும் ஒருதரத்தில் ஒன்றுதான் மடிக்கலாம், உள்ளே திருப்புகிற வித்தை எதுவும் கூடாது. நாய்முகம் உனக்குத் தெரியும், ஒரு முக்கோணம், இரண்டு காதும் கீழே. போன கிழமை ஒரு பிள்ளை இடது காதைக் கொஞ்சம் சரித்து மடித்துவிட்டாள், சரியாக மடித்திருந்த மற்ற நாய்களெல்லாம் சும்மா இருக்க அவளுடையது மட்டும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மடிப்பும் கூடவில்லை, சரிவு மட்டும்தான் மாறியது. நீ காதுக்குள் நரம்பு மடிக்கிற நேரத்தில் காது எந்தச் சரிவில் விழுகிறது என்று பாரேன்.

அப்புறம் தாள். நீ பாவிக்கிற மெல்லிய பளபளப்புத் தாள் பூச்சிக்கு நல்லது, யானைக்கு ஆகாது, தோல் தகரம் மாதிரித் தெரிகிறது. ஜப்பானின் பெரிய காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) விலங்குகளுக்குத் தடித்த தாளை ஈரமாக்கித்தான் மடித்தார். தொழிற்சாலையில் வேலை செய்த நாளில் கூட வேலைசெய்தவர்களுக்குக் காகிதம் மடித்தே கேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்த மனுஷன், அம்பதாயிரத்துக்கும் மேலே உருவங்கள் செய்தார் என்கிறார்கள். அந்த ஈரமுறையில் கோடு விழாமல் வளைவு வரும், காய்ந்தால் அப்படியே நிற்கும். அங்கே சித்திரக் கொப்பித் தாள் மாதிரி மொத்தமான தாள் வாங்கலாம்தானே? ஈரத்துணியைப் பிழிந்து இரண்டு பக்கமும் துடைத்தால் போதும், சொட்டச் சொட்ட நனைக்காதே, ஊறி மடிப்பிலேயே கிழியும். தாள் கையில் குளிர்ந்து துவளுகிற பதம் வந்ததும் மடி. முதுகில் மட்டும் நகத்தால் அழுத்திக் கோடு போடாதே, பெருவிரலை உள்ளே கொடுத்து மெல்ல வளைத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்தை உடுப்புக் கிளிப்பால் பிடித்து இரவு முழுக்கக் காயவிடு.

வாலை விட்டுவிடலாமா என்று கேட்பாய். வேண்டாம், வால் இருக்கட்டும். பின்பக்கத்தில் மிஞ்சுகிற நுனியிலேயே அது கிடைக்கும், சின்ன வாலுக்கு அதிகம் தாள் போகாது.

மடித்து முடித்ததும் படத்தை முன்னுக்கிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் எடுத்து அனுப்பு, எனக்கு முதுகு தெரிய வேண்டும். அப்பாவிடமும் காட்டுவேன், யானை விஷயத்தில் அவர் முகத்துக்காக ஒன்றும் சொல்லமாட்டார்.

அன்புடன்,
அம்மா