ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு பட்ஜெட் தாளில் ஒரு வரி

மென்பொருள் சேவை நிறுவனங்களின் நிதிப் பொறுப்பாளர்களுக்கும் தொழில்நுட்பத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் கணக்குப் பிரிவிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு ஃபைல் திரும்பி வந்தது. ஓபன்எஸ்எஸ்எச் நிரலை எழுதிப் பராமரிப்பவர்கள் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தினர்; அவர்களுக்காக நிதி திரட்டும் ஓபன்பிஎஸ்டி ஃபவுண்டேஷனுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கலாம் என்று நாங்கள் எழுதியிருந்த கோரிக்கை அது. இவர்களுக்கு வெண்டர் கோடு (விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் கணக்குப் பிரிவு தரும் எண்) உண்டா, இன்வாய்ஸ் எங்கே என்று கேட்டிருந்தார்கள். கடைசியாக, "பணம் கட்டாவிட்டால் சேவை நிற்குமா?" என்று ஒரு கேள்வி. நிற்காது என்று உண்மையைச் சொன்னோம். கோரிக்கை அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சர்வர் வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசினால் எல்லா இடத்திலும் இதே கதைதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அடுத்த நிதியாண்டு பட்ஜெட் தாளில் ஓபன்பிஎஸ்டிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஒரு தடவை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நன்கொடையாக வேண்டாம், மின்கட்டணம் மாதிரி ஆண்டுதோறும் போகிற செலவாக இருக்கட்டும்.

மின்கட்டணம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 2.6 உடன் வெளிவந்த அந்த நிரல், இன்று நீங்கள் பராமரிக்கும் லினக்ஸ் சர்வர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடுகிறது. மேக்கில் இருக்கிறது, 2018 முதல் விண்டோஸிலும் இருக்கிறது. வாடிக்கையாளரின் சர்வருக்குள் உங்கள் ஊழியர் நுழையும் கதவே அதுதான். அதைச் செய்து கொடுத்தவர்கள் 2013 கடைசியிலும் 2014 தொடக்கத்திலும் பொதுவெளியில் வந்து கேட்டது, கரண்ட் பில் கட்டப் பணம்.

ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர். அன்றைய மதிப்பில் 12 லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். கனடாவில் கால்கரி நகரில், ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட்டின் வீட்டிலேயே அடுக்கடுக்காகப் பழைய கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆல்ஃபா, ஸ்பார்க், வாக்ஸ் என்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. "இதையெல்லாம் அணைத்துவிட்டால் பில் குறையுமே" என்று அப்போது பலர் இலவசமாக யோசனை சொன்னார்கள். நினைவகத்தில் எண்களைத் தலைகீழ் வரிசையில் வைக்கும் கணினியிலும், இடம் ஒரு பைட் தவறினால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும் கணினியிலும் அதே நிரலை ஓட்டிப் பார்த்தால்தான், சாதாரண இன்டெல் கணினியில் ஒளிந்திருக்கும் பிழை வெளியே வரும். அவர்கள் ஒவ்வொரு கணினிக்கான நிரலையும் அந்தந்தக் கணினியிலேயே தொகுக்கிறார்கள் (கம்பைல் செய்கிறார்கள்). ஆக, அந்தப் பில்லில் இருந்தது உங்கள் சர்வர்களுக்கான தரச்சோதனைச் செலவு.

பணம் வராவிட்டால் திட்டத்தையே மூட வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் கேட்டது கையில் காசு மட்டுமல்ல, யாராவது ஒரு கனடா நிறுவனம் இந்த மின்செலவைத் தன் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுக்கொள்ளுமா என்றும்தான். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அதற்கு ஆள் இல்லை. கடைசியில் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பிட்காயின் வணிகர் 20,000 டாலர் கொடுத்தார். அதன் பிறகு பெரிய இடங்களுக்கும் ஞாபகம் வந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2015இல், அதுவும் பவர்ஷெல் என்ற தன் கட்டளைக் கருவிக்கு எஸ்எஸ்எச் தேவைப்பட்ட பின்பு. போகட்டும், கொடுத்தார்களே.

நம் ஊர் நிறுவனங்கள்? ஆண்டு விழாவுக்குப் பாடகரை வரவழைக்க ஆகும் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

"இலவசமாகத்தானே கொடுத்தார்கள், இப்போது எதற்குக் காசு?" என்று ஒரு மேலாளர் என்னிடமே கேட்டார். இலவசம் என்பது அவர்கள் நம்மிடம் வைத்த நம்பிக்கை. அவர்கள் நிரலுக்குக் கொடுத்திருக்கும் உரிமத்தின்படி நீங்கள் நிரலை எடுத்து உங்கள் பொருளுக்குள் வைத்து விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பதிலுக்கு அவர்கள் தங்கள் குறிக்கோளைத் தளர்த்திக்கொள்ளவில்லை என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். வரிவரியாக நிரலைப் படித்துத் தணிக்கை செய்வது, தேவையில்லாத எதையும் தொடக்கத்திலேயே அணைத்து வைப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. இதில் விளம்பரத்துக்கு ஆகும் சரக்கு எதுவும் இல்லை. பணம் கொடுப்பவருக்காக வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா கொடுத்துவந்த 20 லட்சம் டாலருக்கும் மேலான நிதி 2003இல் பாதியில் நின்றது. ஈராக் போரைப் பற்றி டி ராட் தன் மனதில் பட்டதை ஒரு கனடா நாளிதழிடம் சொல்லிச் சில நாட்களே ஆகியிருந்தன. தங்கள் இயங்குதளத்தின் சிடி விற்றுச் சமாளித்தார்கள். அந்த வியாபாரமும் 2016இல் ஓபன்பிஎஸ்டி 6.0 வெளியீட்டோடு முடிந்தது.

அப்புறம் சட்டச் சிக்கல் என்பீர்கள். ஓரளவு நியாயம்தான். கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி சமூகப் பொறுப்புக்காக லாபத்தில் ஒதுக்கும் 2 சதவீதத்தை வெளிநாட்டு வேலைக்குச் செலவு காட்ட முடியாது. கனடாவிலேயே இந்த ஃபவுண்டேஷன் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் அல்ல, வரிவிலக்கும் கிடைக்காது. சரி, அப்படியானால் இதைத் தர்மக் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்? மென்பொருள் பராமரிப்புச் செலவில் எழுதுங்கள். வெளிநாட்டு மென்பொருள் உரிமங்களுக்கு டாலரில் கட்டுகிறீர்கள், அதற்குரிய படிவங்கள் எல்லாம் உங்கள் ஆடிட்டருக்கு மனப்பாடம். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று நிதி ஒன்றை அறிவித்தது. அவர்களும் இதே ரிசர்வ் வங்கி விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்தானே?

கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பாதி இணையத்தைக் காத்துக்கொண்டிருந்த அந்த நிரலுக்கு ஆண்டு நன்கொடை 2,000 டாலர் அளவில்தான் வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அந்த நிரலைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று சுத்தம் செய்யத் தொடங்கியவர்கள், மூன்று மாதம் முன்பு கரண்ட் பில்லுக்குக் கேட்ட இதே ஆட்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் விவகாரம். ஏறக்குறைய ஒரே ஒரு தன்னார்வலர் சுமந்த அந்தச் சிறு நிரல் நூலகத்துக்குள் யாரோ ஒருவர் உதவி செய்வதுபோல் நுழைந்து, சில லினக்ஸ் வெளியீடுகள் வழியாக எஸ்எஸ்எச் சர்வரைத் திறக்கக் கள்ளச்சாவி வைத்தார். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஒரு பொறியாளர் தோண்டியதால் தப்பித்தோம்.

அந்த வார இறுதியில் நாங்கள் ஆபீசில்தான் இருந்தோம். திங்கட்கிழமை உங்களிடமிருந்து வந்தது ஓர் எக்செல் தாள்: எந்தெந்தத் திறமூலப் பொருள்கள், அவற்றின் ஆதரவு ஒப்பந்த எண் என்ன, தொடர்பு நபர் யார். ஆதரவு ஒப்பந்தமாம்! பத்துப் பைசா கொடுக்காத இடத்தில் ஒப்பந்த எண் எங்கிருந்து வரும்? திறமூல மாநாடு என்றால் மட்டும் மேடைக்குப் பின்னால் உங்கள் லோகோ இவ்வளவு பெரிதாக நிற்கிறது. டி-ஷர்ட் கொடுக்கிறீர்கள், ஸ்டிக்கர் கொடுக்கிறீர்கள். "நாங்கள் ஓபன் சோர்ஸை நேசிக்கிறோம்" என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். நேசத்துக்கு வெண்டர் கோடு வேண்டாம் போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் பட்ஜெட் தாள்கள் தயாராகும். அதில் மென்பொருள் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் ஓபன்பிஎஸ்டி ஃபவுண்டேஷன் என்று ஒரு வரி சேர்த்து, உங்கள் சர்வர் எண்ணிக்கைக்கும் மனசாட்சிக்கும் ஏற்ற தொகையை எதிரே எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அந்த வரி அழியாமல் இருக்கட்டும். சேவை நிற்குமா என்று கேட்கும் கட்டத்தில், "நிற்காமல் இருப்பதற்காகத்தான்" என்று எழுதினால் போதும். வேறு விவரங்கள் தேவைப்பட்டால் உங்கள் சர்வர் குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; ஃபைலை மறுபடி தயாரித்துக் கொடுக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகம் பார்க்கும் ஓர் ஊழியர்,
சென்னை.