இலை தானாக மக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வெப்பமண்டலக் காடுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி இடறியது: வெப்பமும் ஈரமும் மிகுந்திருப்பதால் அந்தக் காடுகளில் உதிரும் இலைகள் தானாகவே விரைவில் மக்கிவிடுகின்றனவாம். அந்தத் 'தானாகவே'யைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் விஞ்ஞானி அல்ல. மண் ஆய்வுக்கூடம் ஒன்றில் 11 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். பை தைப்பேன், இலை நிறுப்பேன், பையைக் காட்டுத் தரையில் வைப்பேன், சில மாதம் கழித்து எடுத்து வந்து மறுபடி நிறுப்பேன். ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் வேறு. ஆனால் இலை எப்படிக் காணாமல் போகிறது என்பது, கையில் எடுத்துப் பார்த்த அளவில், எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பை என்றால் நைலான் வலைத்துணியில் தைத்த பை. ஏறக்குறைய இரண்டு உள்ளங்கை அகலம். உலர்த்தி எடை பார்த்த இலையை உள்ளே போட்டு, வாயைத் தைத்து, எண் பொறித்த சிறு தகடு ஒன்றைக் கட்டிவிடுவோம். சூட்சுமம் எல்லாம் வலையின் கண்ணில் இருக்கிறது. கண் 0.1 மில்லிமீட்டர் என்றால் பூஞ்சையும் பாக்டீரியாவும் போகும், மிக நுண்ணிய சில புழுக்கள் நுழையும், அவ்வளவுதான். 2 மில்லிமீட்டர் என்றால் சிறு பூச்சிகளும் போகலாம். அதற்கும் பெரிய கண் வைத்தால் மரவட்டை, மண்புழு, கறையான் எல்லாருக்கும் கதவு திறந்துவிட்ட கணக்கு. எல்லா வகைப் பையையும் ஒரே இடத்தில், ஒரே மழையில், ஒரே நிழலில் வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் மட்டும்தான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் இலை ஒரே மாதிரி குறைய வேண்டும், இல்லையா?

குறையாது. நான் பிரித்த சிறு கண் பைகளில் பெரும்பாலும் இலை இலையாகவே இருக்கும். கறுத்திருக்கும், பூஞ்சை நூல் படர்ந்திருக்கும், தொட்டால் வழுக்கும். ஆனாலும் காம்பு முதல் நுனி வரை முழு உருவம் மாறாது. பெரிய கண் பையைப் பிரித்தால் நடுநரம்பும் கிளை நரம்பும் மட்டும் சல்லடை போல மிஞ்சியிருக்கும். மூலையில் மணலைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். முதல் தடவை அதைக் குப்பை என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். "தட்டாதீங்க, அதுவும் இலைதான்" என்றார் எங்கள் மேடம். மரவட்டையின் புழுக்கை.

இன்னொரு நாள் ஒரு பை என்னைத் திணற வைத்தது. நாலு மாதம் தரையில் கிடந்த அந்தப் பை, வைத்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. தராசுதான் கெட்டுவிட்டது என்று எடைக்கல் வைத்துப் பார்த்தேன். தராசு சரி. பையைப் பிரித்தால் உள்ளே இலை அநேகமாக இல்லை. இலை கிடந்த இடத்தில் இலையின் வடிவத்திலேயே மண் பூச்சு. கறையான் வேலை. வெளிக்காற்றில் உடம்பு காய்ந்துவிடும் என்பதால், தின்னப் போகிற பொருளின் மேல் மண்ணைக் குழைத்துப் பூசி, அந்தக் கூரைக்கு அடியில் இருந்து தின்னும் பிராணி அது. இலையை எடுத்துக்கொண்டு மண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தது. இந்த மாதிரிப் பைகளுக்காகவே உள்ளே இருப்பதை உலையில் எரித்துச் சாம்பலை நிறுக்கும் முறை உண்டு. இலை எரிந்துபோகும், மண் மிஞ்சும், கழித்துக்கொள்ளலாம். எரிக்கும் முன் அன்றைய நோட்டில் 'எடை இழப்பு' என்ற கட்டத்தில் கழித்தல் குறி போட்டு ஓர் எண்ணை எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வலைப்பை குற்றமற்ற கருவி அல்ல. கண் சிறிதானால் உள்ளே ஈரம் வேறு மாதிரி தங்கும். கண் பெரிதானால் நொறுங்கிய துகள் வெளியே உதிர்ந்துவிடும்; மக்காத துகளும் கணக்கில் மக்கியதாகவே விழும். இதற்காகத்தான் வேறு வழியையும் பார்த்தார்கள். பாச்சை உருண்டை என்கிறோமே, அதில் இருக்கும் நாப்தலீனைத் தூவிச் சிறு பூச்சிகளை விரட்டிவிட்டு, தூவாத இடத்தோடு ஒப்பிடுவது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே ஓக் மர இலையை மூன்று காடுகளில் வைத்தார்கள். ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், மிதவெப்பக் காடு. மற்ற இரண்டும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் கோஸ்டா ரிக்காவின் லா செல்வாவிலும் உள்ள வெப்பமண்டலக் காடுகள். சிறு பூச்சிகள் இருப்பதால் ஏற்படும் வித்தியாசம் வெப்பமண்டலத்தில்தான் பெரிதாக வந்தது. உங்கள் கட்டுரையின் வாதத்துக்கு நேர் எதிர். 2008இல் ஆறு கண்டங்களில் 30 இடங்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவும் வந்தது. ஈரமான வெப்பமண்டலத்திலும் மிதவெப்பப் பகுதியிலும் விலங்குகள் மக்குதலை வேகப்படுத்தின. கடுங்குளிரோ வறட்சியோ உள்ள இடங்களில் அவை இருந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது வெப்பமும் ஈரமும் வேலையைச் செய்துவிடுவதில்லை. வேலை செய்பவர்களுக்கு வசதி செய்து கொடுக்கின்றன.

ஆனால் விலங்குகளே எல்லாவற்றையும் செரித்துவிடுகின்றன என்று நான் சொன்னால் அதுவும் தப்பு. இலையின் வன்மையான பகுதிகளை வேதியியலாக உடைப்பது பெரும்பாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். மரவட்டை தின்றதில் கொஞ்சம்தான் அதன் உடம்பில் சேரும்; மிச்சம் பொடியாகி வெளியே வரும். அந்தப் பொடியில்தான் சங்கதி இருக்கிறது. மெழுகு பூசிய மேல்தோலுடன் கிடந்த இலை, இப்போது நூற்றுக்கணக்கான துணுக்கு. நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ள அத்தனை புதுப் பரப்பு. மரவட்டையும் புது இலையை அவ்வளவாக விரும்புவதில்லை. மழை கசப்பைக் கழுவி, பூஞ்சை கொஞ்சம் இளக்கிய பிறகுதான் வாய் வைக்கும். அதன் ஓடு சுண்ணாம்பால் இறுகியது என்பதால் கால்சியம் உள்ள இலைகள் என்றால் தனி இஷ்டம். சில இனங்கள் தங்கள் புழுக்கையையே மறுபடி தின்னும், இடைப்பட்ட நாளில் அதில் நுண்ணுயிர் பெருகியிருக்கும் என்பதால். முகம் சுளிக்க வேண்டாம், அது கணக்குத் தெரிந்த பிராணி.

மண்புழுவுக்காக 1881இல் டார்வின் ஒரு புத்தகமே எழுதினார். மற்றவர்களுக்கு அப்படி வக்கீல் கிடைக்கவில்லை. பிடி இலைக்குப்பையைப் புனலில் போட்டு மேலே ஒரு பல்பை எரியவிட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து உள்ளே இருப்பவை கீழே இறங்கி, அடியில் வைத்த ஆல்கஹால் குப்பியில் விழும். காலையில் குப்பியைப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம். வாலைத் தரையில் தட்டித் துள்ளும் ஸ்பிரிங்டெயில்கள், ரத்தம் குடிக்காத சிற்றுண்ணிகள். இவற்றில் பல இலையைவிடப் பூஞ்சையைத்தான் மேய்கின்றன. அளவாக மேய்ந்தால் பூஞ்சை புதிதாகத் தழைக்கிறது, அதிகமானால் அடங்குகிறது. எண்ணி எண்ணி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

கறையானைப் பற்றி இன்னும் ஒன்று. அறிவியல் பெயரிட்ட இனங்கள் ஏறக்குறைய 3000. அவற்றில் கதவையும் நிலையையும் அரிப்பவை ஒரு சிறு பங்கு. போர்னியோவின் சபா மாநிலத்தில் மலியாவ் பேசின் என்ற மழைக்காட்டில், கறையானைக் குறைத்த நிலத்தையும் அப்படியே விட்ட நிலத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நடுவில் 2015-16 எல் நினோ வறட்சி வந்துவிட்டது. விட்டுவைத்த நிலத்தில் வறட்சியின்போது கறையான் குறையவில்லை, பெருகியது. இலை அதிகம் மக்கியது, மண்ணில் ஈரம் கூடுதலாக இருந்தது, நட்ட நாற்றுகளும் அதிகம் பிழைத்தன. 2019இல் இது வெளியானபோது எனக்கு அந்தக் கனமான பைதான் ஞாபகம் வந்தது. நிலத்தடியிலிருந்து ஈரமண்ணை மேலே சுமந்து வருவது அதன் அன்றாட வேலை. காடே காய்ந்து கிடக்கும்போது அது சும்மா இருக்குமா?

பல மழைக்காடுகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் வாக்கில் இலையும் சுள்ளியும் விழுகின்றன. அப்படியும் பல இடங்களில் காலால் விலக்கினால் இரண்டு மூன்று அடுக்குக்குக் கீழே மண் தெரியும். அவ்வளவும் 'தானாகவே' போயிற்று என்று அச்சில் வந்தால், பள்ளிப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு சிறு திருத்தம் போட முடியுமானால் நல்லது.

அப்புறம், அந்தப் பக்கத்தில் இருந்த படம். கீழே 'இலைகளை உண்ணும் பூரான்' என்று போட்டிருந்தீர்கள். பூரான் இலை தின்னாது. இலைக்கு அடியில் மற்றவற்றைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன் அது. படத்தில் இருப்பது மரவட்டை. பூரானுக்குக் கணுவுக்கு ஒரு ஜோடி கால்தான். உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இரண்டு ஜோடி இருக்கிறது.

இப்படிக்கு,
பை தைத்த முன்னாள் ஆய்வக உதவியாளர்