பதினாறாம் எண் ஏணிச் சட்டம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்க விமானி சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திய வழக்கில், தண்டனை பெற்ற தச்சன் ஹாப்ட்மனைப் போலீஸ் ஜோடித்து மாட்டிவிட்டது என்று அடித்துச் சொல்கிறாய். அந்த ஏணியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வா.

1932 மார்ச் 1 இரவு, நியூ ஜெர்சியின் ஹோப்வெல் அருகே, 20 மாதக் குழந்தையைத் தூக்கிப்போனவர்கள் விட்டுச்சென்ற ஏணி அது. மூன்று துண்டாகப் பிரியும், எடை 17 கிலோதான். படிக்குப் படி சுமார் 19 அங்குலம். வழக்கமான ஏணியில் 12. கீழ்த்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடத்தில், இரண்டையும் இணைக்கும் மர முளைக்குத் துளை போட்ட சட்டம், அதாவது ஏணியின் பக்கவாட்டு மரம், நாரோடு பிளந்துவிட்டது. அங்கே துளை போட்டால் மரம் பாரம் தாங்காது.

மர நிபுணர் ஆர்தர் கோலர் ஏணியைக் கழற்றி ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார். கீழ்ச்சட்டங்களில் இழைப்பு மெஷினின் தடம் இருந்தது. ஒரு கத்தி பழுதானால், சுற்றுக்கு ஒருமுறை அதே கோடு திரும்பி விழும். இடையில் உள்ள வரிகளை எண்ணினால் கத்திகள் எத்தனை என்று தெரிந்துவிடும். அகலப் பக்கத்துக்கு 8, ஓரத்துக்கு 6. கோலர் 1,500க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு எழுதி, தெற்கு கரோலினாவில் ஓர் ஆலையைப் பிடித்தார். அங்கிருந்து போன மரத்தைத் தொடர்ந்து 1933 நவம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு மரக்கடைக்கு வந்து சேர்ந்தார். ஹாப்ட்மன் வேலை பார்த்த கடை அது.

மேல்துண்டில் இருந்த 16ஆம் எண் சட்டம்தான் முக்கியம். அதில் நான்கு சதுர ஆணித் துளைகள், துருவே இல்லை. ஆகவே வீட்டுக்குள் இருந்த பழைய பலகை. கைது நடந்தது 1934 செப்டம்பரில். அதன் பிறகு ஹாப்ட்மன் வீட்டுப் பரணைச் சோதித்தபோது, ஒரு தரைப்பலகை பாதியில் அறுபட்டிருந்தது தெரிந்தது. சட்டத்தை அங்கே வைத்தால், உத்தரத்தில் இருந்த ஆணித் துளைகளோடு நான்கும் பொருந்தின.

வீடு போலீஸ் கையில் இருந்தபோது, கைதுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. உன் சந்தேகம் அங்கே நியாயமானதுதான். ஆனால் அந்தத் துளைகளைக் கோலர் 1933லேயே குறித்துவிட்டார், ஹாப்ட்மன் என்ற பெயர் யாருக்கும் தெரியாத காலத்தில். பிறகு எப்படி ஜோடிப்பது?

மீட்புப்பணம் கொடுத்த இரவில் கேட்ட குரல் ஹாப்ட்மனுடையதுதான் என்று லிண்ட்பர்க் சொன்னாரே, அந்தக் குரல் சாட்சியத்தில் உன்னோடு ஒத்துப்போகிறேன். இருட்டில் கேட்ட ஓரிரு சொல்லை இரண்டு வருஷம் கழித்து அடையாளம் காட்டியது எனக்கும் பலமாகப் படவில்லை. அவன் தனியாகச் செய்தானா என்பதும் வேறு கேள்வி. அதற்கு மரத்தில் பதில் இல்லை. அதைப் பற்றி எழுது.

அன்புடன்,
ராமு